கெட்டிமேளம் கேட்ட பிறகு

போன மாதம் எங்கள் வார்டின் புதுக் கவுன்சிலர் என்னைப் பார்க்க வந்திருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், பெண்கள் ஒதுக்கீட்டில் நின்று ஜெயித்துவிட்டாள். சும்மா ஒரு மரியாதைக்கு வந்தவள், ஹாலில் மாட்டியிருக்கும் சட்டசபைப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எம்.எல்.ஏ.வா இருந்தப்ப எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இப்போது அதுதான் பெரிய பாடாம். ஒரு முகூர்த்த நாள் வந்தால் வார்டுக்குள்ளேயே நாலைந்து பத்திரிகை. ஒன்றை விட்டாலும் அந்த வீட்டு ஓட்டுப் போச்சு.

"கணக்கெல்லாம் வெச்சுக்கலை கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த வீட்டுக்கு இப்போது ஆள் வருவது குறைவு. யாராவது வந்து போனால், அவர்கள் கேட்டுவிட்டுப் போனதோடுதான் அன்றைக்கு முழுக்க எனக்குக் குடித்தனம். அந்தப் பெண்ணின் கேள்வி அன்றோடு போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசியலுக்கு வந்தது திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் டேபிளிலிருந்து. தைத்து வரும் பனியனை உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது வேலை. கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்காது. பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்று சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்றதில் ஆரம்பித்தது. அப்புறம் கட்சியில் மகளிர் அணி, தெருமுனைக் கூட்டம், வார்டு கவுன்சிலர். என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். நான் கூட்டம் பேசிவிட்டு வருவதற்குள் சோறாக்கி வைத்திருப்பார். தெருவில் கிண்டல் செய்தால், "அவ பேசறா, நான் ஆக்கறேன், உங்களுக்கு என்னங்க நட்டம்?" என்று சிரிப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்த ஒரு ஆளே எனக்குப் போதுமாக இருந்தது.

கவுன்சிலராக இருந்தபோது எனக்குக் கைராசிக்காரி என்று ஒரு பேர் உண்டு. நான் தாலி எடுத்துக் கொடுத்த ஜோடி நன்றாக இருக்கிறது என்று எவரோ எங்கேயோ சொல்லிவைக்க, கணியூர், கொமரலிங்கம் வரைக்கும் அது பரவி, அங்கிருந்தெல்லாம் கூப்பிட வருவார்கள். மொபெட்டை அவர் ஓட்ட, பட்டுச்சேலை சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போவேன். மண்டபத்தில் பந்தக்காலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவோம். லேட் என்பதே எங்கள் அகராதியில் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் மெஷினுக்கு அடியில் குனிந்த மனுஷன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஒரு வருசம் வீட்டைவிட்டு எங்கேயும் போகாமல் கிடந்தேன். அப்புறம் சட்டசபைத் தேர்தல் வந்தது. கட்சி எனக்கு சீட் கொடுத்தது. அனுதாபத்துக்குக் கொடுத்தார்களா, வேலைக்குக் கொடுத்தார்களா என்று நான் நோண்டவில்லை. போஸ்டருக்குப் புதிதாகப் போட்டோ எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, பழசுலயே முகம் லட்சணமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நெற்றியில் குங்குமமும் தலையில் மல்லிகையுமாக அவர் இருந்த காலத்தில் எடுத்த படம். தொகுதி முழுக்க அந்தப் படம்தான் ஓட்டுக் கேட்டது. ஜெயித்தேன்.

இப்போது எங்கள் மாவட்டச் செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் எதற்கு? கட்சிக்காரர்கள் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மாவட்டம்' என்றுதான் சொல்வோம். மாவட்டம் வந்துட்டாரா, மாவட்டம் சாப்பிட்டாச்சா. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. முடியாது என்று யாருக்கும் சொன்னதும் இல்லை. அவர் வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும். அவரே வாங்கி நம் கையில் கொடுப்பார். மழை, நூல் விலை, நம் உடம்பு என்று விசாரிப்பார். ஆனால் அவர் கண் நம் டம்ளரிலேயே இருக்கும். டம்ளர் காலியாகிக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். வந்தால் அது கெட்ட செய்திதான். பழம் தின்று கொட்டை போட்ட கட்சிக்காரர்கள் கடைசி ஒரு வாயை வைத்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். எனக்கு அந்த சாமர்த்தியம் வர நாளானது.

காருக்கு டிரைவர் பார்த்துக் கொடுத்ததும் மாவட்டம்தான். செல்லமுத்து என்று பேர். ஒல்லியான ஆள், என்னைவிட இளையவன், அதிகம் பேச மாட்டான். வண்டியைப் பூப்போல ஓட்டுவான். சென்னைக்குப் போய் வந்தாலும் அலுப்பே தெரியாது. ஆனால் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் அவனுக்கு என்ன வருமோ, வழியெல்லாம் தகராறு. டயரில் காற்று இல்லை என்பான். டீசல் போட்டுவிடலாம் என்பான். அவிநாசி ரோட்டில் நேராகப் போக வேண்டியவன், பனியன் மூட்டைகள் ஏற்றுகிற நேரம் பார்த்துக் காதர்பேட்டைக்குள் வண்டியை விடுவான். முன்னால் ஒரு மினி லாரி, பின்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் தலைச்சுமையோடு ஆட்கள். நான் உள்ளே உட்கார்ந்து கத்துவேன். "திருப்பூர்ல பொறந்து வளர்ந்தவன்தானே நீ? இந்நேரத்துக்கு எவனாச்சும் காதர்பேட்டைக்குள்ள வருவானா?" அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "தப்பாப் போச்சுங்கம்மா" என்பான்.

போய் இறங்கினால் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் பேனரில் என் படம், குங்குமம் வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருக்கும். அது நேரத்துக்கு வந்துவிடும். நான் உள்ளே போகும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். "இப்பத்தானுங்கம்மா முடிஞ்சுது" என்று ஓடிவருவார்கள். சால்வை போடுவார்கள், மைக் கொடுப்பார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள், தலைவாழை இலையில் பக்கத்தில் நின்று பரிமாறுவார்கள். எங்கே போனாலும் அந்த "இப்பத்தானுங்க". எனக்கு மனம் சங்கடப்படும். திரும்பும் வழியெல்லாம் செல்லமுத்துவுக்கு அர்ச்சனை நடக்கும்.

மனு கொடுக்க வருகிறவர்களிடம் நான் ரொம்பக் கறார். செக்கிங் புத்தி போகவில்லை. பட்டா கேட்டு வந்தால் அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று கேட்பேன், மாற்றல் கேட்டு வந்தால் போன இடத்தில் என்ன சண்டை என்று கேட்பேன். எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிப்பட்ட நான் இந்த லேட்டை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. புருஷனை இழந்தவளை ஊர் எங்கே நிறுத்தும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எம்.எல்.ஏ. ஆன பிறகு அது மற்றப் பெண்களுக்குத்தான், எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன். கார் கதவைத் திறந்துவிட ஆள் வந்ததும் வரும் மப்பு அது.

மூன்றாவது வருசம் கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கு ஏழை ஜோடிகளுக்கு இலவசத் திருமணம் நடத்த மாவட்டம் முடிவு செய்தார். கட்டில், பீரோ, பாத்திரம் என்று சீர்வரிசை. பத்திரிகையில் தலைமை என்று என் பெயர் அச்சாகியிருந்தது. இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. மேடையில் ஜோடிகளை வரிசையாக உட்காரவைத்து, மாப்பிள்ளை சட்டையில் நம்பர் குத்துவார்கள். மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டுத் தட்டாக அடுக்குவார்கள். தலைமை தாங்குபவர் வரிசையில் நடந்துபோய் ஒவ்வொரு தாலியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லோர் கையிலும் தாலி போய்ச் சேர்ந்ததும், மைக் பிடித்த ஒருவர் கை காட்ட, கெட்டிமேளம். ஒரே நேரத்தில் கட்டுவார்கள். எனக்குப் பழைய கைராசி ஞாபகம் வந்து, உண்மையைச் சொன்னால், சந்தோசமாக இருந்தது. தலைமையே நான், நான் வராமல் தொடங்க மாட்டார்கள். அங்கே லேட்டாக முடியாது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தாலி என் கையால் போகப்போகிறது என்று காத்திருந்தேன்.

முந்தின வாரம் மாவட்டம் கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது. நூல் விலையெல்லாம் பேசினோம். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மிணி, அன்னிக்கு நீங்க சென்னைல இருந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"எதுக்குங்க? சட்டசபையும் இல்லை, கமிட்டியும் இல்லீங்களே."

"இருந்தா நல்லாருக்குமுங்க." அதே குரல், அதே சிரிப்பு. "கல்யாணம்னா நாலு பேரு நாலு விதமா நினைப்பாங்க பாருங்க. இத்தனை நாளா நம்ம செல்லமுத்து பக்குவமாத்தான் பார்த்துட்டு வந்தான். ஒருத்தருக்கும் மனக்கசப்பு இல்லை. இது மேடையாப் போச்சு. லேட்டா வந்தா தலைமை யாரு தாங்கறது?"

அவர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். செல்லமுத்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். வண்டியை எடுக்கவில்லை.

"இத்தனை நாளும் வேணும்னேதான் லேட் பண்ணுனியா?"

"வேலைக்குச் சேர்த்தறப்பவே மாவட்டம் சொல்லிப்போட்டாருங்கம்மா. எனக்கும் மாட்டேன்னு சொல்லத் தோணலீங்க. முகூர்த்த நேரத்துல நீங்க உள்ள போயி, எவளாச்சும் உங்க மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா? நான் வண்டியோட்டறவன். என்னால லேட்டாத்தானுங்க பண்ண முடியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. ஒரு தொகுதியே சேர்ந்து, என் மனம் நோகாமல், அத்தனை மரியாதையோடு என்னை வெளியே நிறுத்திவைத்திருந்தது. வசவாக இருந்தால் திருப்பி வைதிருப்பேன். மரியாதையை என்ன செய்வது?

நான் சென்னைக்குப் போகவில்லை. அன்று காரையும் கூப்பிடவில்லை. ஆட்டோ பிடித்து, பந்தல்காரர்கள் சேர் போடும் நேரத்திலேயே போய் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். மாவட்டம் வந்தார், பார்த்தார், "வாங்க அம்மிணி, வெள்ளனே வந்துட்டீங்க" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் அந்த மனுஷன். நேரம் வந்ததும் தட்டை நான் கையில் வாங்கினேன். அவரால் தடுக்க முடியவில்லை.

முதல் நம்பர் பெண்ணுக்குத் தலை கவிழ்ந்திருந்தது. நான் பக்கத்தில் போனதும் அவள் மாப்பிள்ளை பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்போது மேடைக்குப் பின்னால் தொங்கிய துணியை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா தலையை நீட்டிக் கூப்பிட்டாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"யக்கா, தப்பா நெனைச்சிராதீய. அது எம்மவ. அவ அப்பா தவறிட்டாவ. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனா பெத்தவ நானே அவ கண்ணுல படாம இங்கன தள்ளித்தான் நிக்கேன் பாத்துக்கிடுங்க."

மைக், கேமரா, நாதஸ்வரம் எல்லாம் காத்திருந்தன. மாவட்டத்தோடு சண்டை போட நான் தயாராகத்தான் வந்திருந்தேன். சட்டசபையில் எழுந்து பேசுகிற வாய் எனக்கு. இந்த அம்மாவோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது? அவள் என்னை எங்கேயும் தள்ளவில்லை. தான் நிற்கிற இடத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். அந்தப் பெண் இன்னும் தலை நிமிரவில்லை. அவள் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் அது. என் நியாயத்தை நிலைநாட்ட அந்த நாள் எதற்கு என்று தோன்றியது. தட்டை மாவட்டத்தின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, துணியை விலக்கிப் பின்னால் போனேன்.

அங்கே அண்டாக்களும் சீர்வரிசைக் கட்டில்களும் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம். கெட்டிமேளம் கேட்டதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோச அழுகை. எனக்கு என்ன அழுகை என்று எனக்கே தெரியவில்லை. அந்த நிமிசத்தில் அவர் உயிரோடு இருந்து மொபெட்டை உதைத்தால் போதும், பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறிப் போய்விடுவேன் என்று நினைத்தேன்.

இரண்டாவது முறையும் ஜெயித்தேன். அந்த ஐந்து வருசமும் செல்லமுத்து பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானே சொல்லிவிட்டேன், முகூர்த்தம் முடிந்த பிறகு போகலாம் என்று. டயரும் காதர்பேட்டையும் பிழைத்தன. மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஏதாவது ஒரு பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்துவான். அவன் வெளியே நின்று டீ குடிப்பான், எனக்கு ஒன்று காருக்குள் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருப்போம். கெட்டிமேளம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு, "போலாமுங்களாம்மா?" என்பான். போவோம். "இப்பத்தானுங்கம்மா முடிஞ்சுது" என்பார்கள். "அடடா, டிராபிக்குங்க" என்பேன். நன்றாகச் சொல்லப் பழகிவிட்டேன். சட்டசபையில் பெண்களுக்காக நான் பேசிய பேச்சையெல்லாம் அந்த மண்டபங்களில் மைக்கில் புகழ்வார்கள். சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது தேர்தலுக்கு முன்னால் மாவட்டம் காபி கொடுத்தபோது நான் உஷாராகிவிட்டேன். கடைசி வாயை மிச்சம் வைத்து டம்ளரைக் கையிலேயே பிடித்திருந்தேன். அவர் அவசரப்படவே இல்லை. "குடிங்க அம்மிணி, ஆறிப்போகுமுங்க" என்றார். எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருப்பது? குடித்தேன். சீட் வேறு ஆளுக்கு என்றார்.

அதோடு கார் போனது, ஃப்ளெக்ஸ் போனது, பத்திரிகைகளும் ஒன்றொன்றாக நின்றன. முதலில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, லேட்டாகப் போவதற்குக்கூட ஒரு இடம் வேண்டும் என்று. முகூர்த்த நாளில் எங்கள் வீதியில் கல்யாண வண்டிகள் போகும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு டி.வி. பார்ப்பேன்.

செல்லமுத்து இப்போது ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். அந்தக் கவுன்சிலர் பெண் வந்துபோன மறுவாரம், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து நின்றான். மகளுக்குக் கல்யாணம்.

"ஒன்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தமுங்கம்மா."

"ரொம்ப சந்தோசம். பதினொண்ணுக்கு வந்தர்றேன்."

அவன் போகவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றான். "எட்டரைக்கு வண்டி வருமுங்கம்மா."

"சம்பந்தி ஊட்ல ஏதாச்சும் சொல்லப்போறாங்க செல்லமுத்து. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?"

"பொண்ணுகிட்ட கேட்டுட்டேனுங்க. அவதான் முன்னாடியே கூட்டிட்டு வரச் சொன்னா. எட்டரைக்கு வண்டி வருமுங்க" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று காலையில் குளித்துவிட்டுச் சேலையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு ஹாரன் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தால் வாடகைக் காரில் டிரைவர் சீட்டில் செல்லமுத்து உட்கார்ந்திருக்கிறான். புதுப் பட்டு வேட்டி, கழுத்தில் சம்பந்தி போட்ட மாலை, நெற்றியில் சந்தனம்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்குது? பொண்ணைப் பெத்தவன் மண்டபத்துல இல்லாம? வேற யாரையாச்சும் அனுப்பியிருக்கலாமில்ல?"

கதவைத் திறந்துவிட்டபடி சொன்னான்: "வேற ஆளு ஓட்டுனா லேட்டாயிருமுங்கம்மா."

அவிநாசி ரோட்டில் நேராகப் போனான். எந்த இடத்திலும் நிற்கவில்லை. மண்டபத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்கு ஓடினான். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் மணமேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் எல்லோர் கையிலும் அட்சதை போட்டுக்கொண்டே வந்து, என் கையிலும் போட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியதும் நான் எழுந்துவிட்டேன். நினைத்து எழவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டும் என்று காலுக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது.

"ஏனுங்கம்மா, உக்காருங்க, தாலி கட்டறது தெரிய மாட்டேங்குது" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சலித்துக்கொண்டாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நான் மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். மாப்பிள்ளைப் பையன் முதல் முடிச்சைத் தடுமாறித் தடுமாறிப் போட்டான். மிச்சத்தை அவன் தங்கச்சி போட்டாள். செல்லமுத்து மகள் தலை நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடி, என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். பூவும் அரிசியும் மேலே விழுந்து ஓய்ந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். எழுந்து இரண்டு எட்டு முன்னால் போய், நானும் போட்டேன். அட்சதை போடுவதில் மட்டும் கொஞ்சம் லேட்டாகிவிட்டது.